கணக்கு வராத பல் டாக்டர் எம்.பி.எச். படிக்கலாமா?

பிளஸ் டூவில் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப், அப்புறம் பி.டி.எஸ்., இப்போது சென்னையில் எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார முதுகலை, முதல் வருடம். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவப் புள்ளியியல்) வகுப்பில் ஒன்றுமே மண்டையில் ஏறவில்லை, கால்குலஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா, இல்லை நேராக ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ளவா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். என்ன லேப்டாப் வாங்கலாம் என்றும்.

கால்குலஸ் வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் இருப்பது போன்ற எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றால் கால்குலஸ், மேட்ரிக்ஸ் எல்லாம் கண்டிப்பாகத் தேவை, அது புள்ளியியல் ஆட்களின் படிப்பு. உங்களுக்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தல், சதவீதம் போதும், ஆனால் எதை எதால் வகுக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. முதல் வருடத்தில் தடுமாறுகிறவர்களில் பலர் வழுக்குவது அங்கேதான்.

ஒரு பேப்பரை எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள். 1000 பேர், அதில் 10 பேருக்கு நோய். நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தையும், இல்லாதவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை. நோயுள்ள 10 பேரில் 9 பேருக்கு பாசிட்டிவ் வரும். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் பாசிட்டிவ் வந்துவிடும். மொத்தம் 108 பாசிட்டிவ், அதில் நிஜ நோயாளி 9 பேர், அதாவது 12-ல் ஒருவர். '90 சதவீதம் துல்லியம்' என்று விளம்பரப்படுத்தும் பரிசோதனையின் லட்சணம் இது! நோய் உண்டு-இல்லை, பாசிட்டிவ்-நெகட்டிவ் என்ற இந்த நான்கு கட்ட அட்டவணையை உங்கள் கையால் இருபது தடவை போட்டுவிட்டால் செமஸ்டரில் பெரும்பகுதி முடிந்தது என்றே நினைக்கிறேன்.

இரண்டு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வில் பி-மதிப்பு (p-value) 0.03 என்றால் 'மருந்து வேலை செய்யாமலிருக்க 3 சதவீத வாய்ப்பு' என்று மட்டும் தேர்வில் எழுதிவிடாதீர்கள். இரண்டு மருந்துக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகக் கண்ணில் படுவதற்கான வாய்ப்புதான் அந்த 3 சதவீதம்.

ஆர் கற்கலாம், இலவசம்தான். ஆனால் அதற்கு முன்னால் டேட்டாவைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வேண்டும். நான் முதுகலை படித்தபோது 200 தாய்மார்களின் படிவங்களை வைத்துப் பிரசவ வயதின் சராசரி எடுத்தேன், 31 வந்தது. தாமதத் திருமணம், பெண்கல்வி என்று இரண்டு பக்கம் விளக்கமும் எழுதிக்கொண்டு போனேன். வழிகாட்டி அதைப் படிக்கவே இல்லை, "அதிகபட்ச வயது எவ்வளவும்மா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தால் 99. வயது தெரியாதவர்களுக்கு 99 என்று போடச் சொல்லி படிவத்தில் இருந்திருக்கிறது, அப்படி 16 பேர். அவர்களை எடுத்துவிட்டுப் போட்டால் சராசரி 25, என் இரண்டு பக்கமும் குப்பைக்கு. ரத்த அழுத்தம் எல்லாம் 120, 130, 140 என்று பூஜ்யத்திலேயே முடிந்தாலும் இப்படித்தான் நின்று பாருங்கள், யாரோ குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று, நம்மூர் ஆய்வு ஒன்றை எடுத்து வாசியுங்கள். காசநோய்க்கு சானடோரியத்தில், அதாவது நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், படுத்தே ஆக வேண்டுமா, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் போதாதா என்று 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 1959-ல் வெளியானது. 193 நோயாளிகள், யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் மாதிரி பிரித்தார்கள், இரு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் மேல். அப்படியும் வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே அளவு பலன் தந்தது. அதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் குலுக்கலை. யாரை எங்கே அனுப்புவது என்பதை டாக்டரின் இஷ்டத்துக்கு விடாததால்தான் கடைசியில் இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதுமானதாக இருந்தது. டாக்டரே பிரித்திருந்தால் முற்றிய கேஸெல்லாம் சானடோரியத்துக்குப் போயிருக்கும், பிறகு எந்த ஃபார்முலா போட்டும் முழுசாகச் சரிக்கட்டியிருக்க முடியாது.

லேப்டாப்புக்கு 8 ஜிபி ராம் போதும். எஸ்.பி.எஸ்.எஸ். (SPSS) என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள் உங்கள் கல்லூரி லேபிலேயே இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.