விட்டதைப் பிடிக்க மனைவியின் நகையா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன், வயது 31, கைக்கு வரும் சம்பளம் 52,000. டெலிகிராமில் மாதம் 2,000 கட்டி டென்னிஸ் மேட்ச் டிப்ஸ் வாங்கி, மச்சான் எடுத்துக் கொடுத்த பெட்டிங் சைட் ஐடியில் பெட் வைக்கிறேன். முதல் மாதம் லாபம்தான். இப்போது கிரெடிட் கார்டில் 1,40,000 பாக்கி, மினிமம் மட்டும் கட்டுகிறேன். அடுத்து வரும் ஒரு அரையிறுதி ‘ஷ்யூர்’ என்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்துப் போட்டால் கார்டை அடைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். சூதாட்டம் கெடுதல் என்பது உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். எனக்குப் பயமாக இருப்பது விட்டதைப் பிடிக்க மறுபடி கடன் வாங்கப் போகிறீர்களே, அந்தப் பழக்கம்தான்.

சரிசமமான மேட்சில் இரண்டு பேருக்கும் 1.90 ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் போட்ட ஒரு ரூபாய்க்கு 1.90 திரும்பி வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஆயிரம் ஆயிரம் போட்டால் திரும்பி வருவது 1,900. நூற்றுக்கு ஐந்து பெட்டிங் நடத்துகிறவர்களுக்குப் போய்விடுகிறது, யார் ஜெயித்தாலும். மாதம் 20 பெட், ஒவ்வொன்றும் 5,000 என்றால் புரள்வது ஒரு லட்சம், சராசரியாகப் போவது 5,000, டிப்ஸ் காசோடு 7,000. இதற்கு மேல் கார்டு. மூன்றரை ரூபாய் வட்டி என்றால் மாதம் 4,900, அதற்கு ஜிஎஸ்டி 882. நீங்கள் 7,000 கட்டினாலும் அசலில் குறைவது 1,200 சொச்சம்தான்.

டென்னிஸில் ‘ஷ்யூர்’ என்று எவன் சொல்கிறான்? 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளி எடுத்தார், ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8-7, தன் சர்வீஸ், கையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட் (அதில் ஒன்றை எடுத்தாலே கோப்பை), அப்படியும் தோற்றது ஃபெடரர். டிப்ஸ் விற்பவர் பாதிப் பேருக்கு ஒருவர் பெயரையும் மீதிப் பேருக்கு அடுத்தவர் பெயரையும் அனுப்பினால் போதும், யாரோ ஒரு பாதிக்கு அவர் ஜோசியர் ஆகிவிடுவார், உங்கள் முதல் மாத லாபம்கூட அப்படி வந்ததாக இருக்கலாம்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஜெயித்த காசை பெட்டிங் நடத்துகிறவர்கள் தரவில்லை என்றால் எந்தக் கவுன்டரில் போய்க் கேட்பீர்கள்? முன்பின் தெரியாதவர் கணக்குக்கு யுபிஐயில் அனுப்பி வாங்கிக்கொண்டிருந்தால், ஒருநாள் உங்கள் சம்பளக் கணக்கே முடங்கலாம்.

நகைக்கடனுக்கு ஒரே ஒரு நியாயமான உபயோகம் உண்டு. ஐடியை மூடி, டெலிகிராம் சேனலை விட்டு வெளியேறி, மனைவியிடம் முழுத் தொகையையும் சொன்ன பிறகு, அது அவர் நகை என்பதால் அவர் சம்மதித்தால் மட்டும், வங்கியில் 1,40,000 வாங்கி அன்றைக்கே கார்டில் கட்டுங்கள். ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் 1,400. மாதம் 12,000 ஒதுக்கினால் 13 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். சம்பளம் வந்ததும் அந்தத் தொகை மனைவி கணக்குக்குப் போகட்டும். அவர் மறுத்தால் கார்டு பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பணம் தருகிற கடன் ஆப் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

மச்சானிடம் சண்டை வேண்டாம், ‘இனி எனக்கு லிங்க் அனுப்பாதே’ என்றால் போதும். அப்புறமும் மேட்ச் நாளில் கை பரபரத்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.