'மடை திறந்து' யார் பாட்டு?

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு எங்கள் வீட்டில் பழைய தோட்டத்து (எஸ்டேட்) கூட்டாளிகள் எட்டுப் பேர் கூடினோம். தோட்டம் போய் இப்போது ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். நம் மலேசிய ராப் குழு யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' சிடியை முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் கேட்டோம். 2006இல் அது வந்தபோது நாங்கள் பள்ளியில் படிவம் நான்கு. 'மடை திறந்து' வந்ததும் எட்டுப் பேரும் ராப் வரிகளை மூச்சுவிடாமல் சொன்னோம். உள்ளேயிருந்து வந்த மாமா, "மெட்டு இளையராஜாவோடது, வரி வாலியோடது. நடுவுல நாலு பேச்சுப் பேசிட்டா உங்க பாட்டாயிடுமா?" என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

மாமாவின் கணக்கு சரிதான். பாட்டு 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துடையது, பாடியவர் எஸ்.பி.பி. அதில் வாதாடினால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

ஆனால் படத்தில் அதைப் பாடுவது யார் என்று மாமாவிடம் கேளுங்கள். வாய்ப்புக்காக அலையும் ஓர் இசைக்காரன். தன் பாட்டை ஊரே கேட்கும் நாளைக் கற்பனையில் பார்க்கிறான். அந்தக் காட்சியில் இளையராஜாவே தலைகாட்டுவார். ராஜாவின் அத்தனை பாட்டுகளில் குழுவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் இதைப் போய் எடுத்தார்களே, அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் பாடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் கல்யாண மண்டபத்திலும் பஸ்ஸிலும் ஓடியது சென்னைப் பாட்டுதானே.

அந்த வருடம் ஒரு தோட்டத்தில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன், கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரியோடு பேனாவை வைத்துவிடுவான். ஒருநாள் அவன் நோட்டின் பின்பக்கங்களைப் புரட்டினேன். ராப் முழுவதும் இருந்தது, கேட்டுக் கேட்டு எழுதியது. காதில் சரியாக விழாத இடங்களில் சொந்தமாகச் சொல் போட்டிருந்தான், எதுகை தப்பாமல். எதுகை என்ற பெயரே அவனுக்குத் தெரியாது. ஒற்றுப்பிழை எண்ணி மாளாது. நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. அந்தப் பக்கங்கள் யாருடையவை என்று மாமா சொல்லட்டும்.

அதற்காக 'வல்லவன்' முழுவதும் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் மார்தட்டல் அதிகம், ஒரு தடவைக்கு மேல் தாங்காது. (எட்டுப் பேரும் மோட்டாரை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வரலாம்.)

இன்னொன்று. 1979இல் எம்.எஸ்.வி. இசையில் எஸ்.பி.பி. பாடிய 'எங்கேயும் எப்போதும்' பாட்டை 2007இல் 'பொல்லாதவன்' படத்துக்காகப் புதுப்பித்தார்கள். அதிலும் எஸ்.பி.பி. குரல் உண்டு, கூடவே நம் யோகி பி. ராப் வருகிறது என்று பாலு எழுந்து போய்விடவில்லை.

அடுத்த முறை மாமாவுக்கும் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) கொடுத்து உட்கார வையுங்கள். முதலில் 1980 பாட்டைப் போடுங்கள். அவரும் கூடவே முணுமுணுப்பார் பாருங்கள். முடியும்வரை யாரும் குறுக்கே பேச வேண்டாம். அப்புறம் உங்களுடையதைப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா