ரோட்டரி எஞ்சினில் ஆயில் சூடானால் பம்பை மாற்றாதீர்கள்

கேள்வி: நானே கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில் மஸ்தா 13பி என்ற ரோட்டரி (வான்கல்) எஞ்சின். ஆயில் கூலர் 1986–91 ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து எடுத்தது. கிளம்பும்போது ஆயில் அழுத்தம் 70 பிஎஸ்ஐ. ஐந்து நிமிடம் மேலேறியதும் சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வெப்பம் 115 டிகிரி, அழுத்தம் 55. பெரிய பம்பு போடலாமா?

பதில்: வேண்டாம். சூட்டில் ஆயில் நீர்த்ததால் இறங்கிய அழுத்தம் இது. பெரிய பம்பு சூட்டைக் குறைக்காது.

வான்கல் எஞ்சினின் உறைகளைத் தண்ணீர் குளிர்விக்கிறது. உள்ளே பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டருக்குள் தண்ணீர் போக வழியில்லை. ரோட்டர் சுழற்றும் எக்சென்ட்ரிக் ஷாப்டிலுள்ள ஜெட்கள் பீய்ச்சும் ஆயில்தான் அதன் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டரும் கூலரும் வெளியேற்றும் மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயிலுடையது. கார் முழு பவரின் சூட்டை அவ்வப்போது சில நொடிகள்தான் உணரும். விமானத்தில் ஏற்றம் முழுக்க முழு பவர், காற்று வேகமோ குறைவு.

பாதை இதுதான்: சம்ப், பம்பு, நேராகக் கூலர், அதன் பிறகு பின்பக்க உறை, பில்டர், பேரிங்குகள், ஷாப்ட், ஜெட்கள். அழுத்தத்தை 70 அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் கூலருக்குப் பின்னால் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்ந்த, கெட்டியான ஆயிலோடு ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் 70 காட்டினாலும் கூலர் வாங்கும் அழுத்தம் அதைவிட மிக அதிகம். முன்பக்க ரிலீஃப் வால்வு 150ஐ ஒட்டித்தான் திறக்கும். தண்ணீருக்கு ரேடியேட்டராகக் கார் ஏ.சி. எவாப்பரேட்டரைப் பயன்படுத்துவோர் உண்டு. ஆயிலுக்கு அந்தச் சிக்கனம் ஆபத்து. ஹோஸ் ஒன்று பிய்ந்தாலும் பம்பு சம்ப்பையே வெளியே கொட்டிவிடும். எக்ஸாஸ்ட் அருகே போகும் ஹோஸ்களுக்குத் தீ தாங்கும் உறை கட்டாயம். உள்விட்டம் குறைந்த ஹோஸும் வேண்டாம், ஏஎன்-10 என்ற ஹோஸ் அளவு போதும்.

முதலில் கூலரின் இரு முனையிலும் சென்சார் வையுங்கள். எஞ்சினுக்குள் நுழையும் ஆயில் 95 டிகிரிக்குள் இருக்கட்டும். சம்ப்பின் எண் அதற்குப் பதிலாகாது. ஏற்றத்தில் இரு முனைக்கும் வித்தியாசம் 10 டிகிரிகூட இல்லையென்றால் இரண்டில் ஒன்று. அந்தக் கூலருக்குள் ஒரு தெர்மோஸ்டாட் பைபாஸ் உண்டு. அது சிக்கியிருந்தால் சூடான ஆயில் குழாய்களுக்குள் போகாமலே திரும்பிவிடும். கழற்றி வெந்நீரில் சோதியுங்கள். அது சரியாக இருந்தால் காற்றுதான் குறை: டக்டுக்கும் கூலருக்கும் இடையிலுள்ள இடுக்குகளை அடைத்து, கவுலிங்கில் (எஞ்சினை மூடும் உறை) காற்று வெளியேறும் வாயைப் பெரிதாக்குங்கள். உள்வாயைப் பெரிதாக்குவதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் அடைப்பு வெளிவாயில்தான்.

ஷாப்டின் முன்முனையிலுள்ள தெர்மல் பெல்லட்டையும் பாருங்கள். குளிரில் ஜெட்டுக்கான அழுத்தத்தைக் கசியவிட்டு, சூடானதும் நீண்டு அடைப்பது அதன் வேலை. கெட்டால் கசிவு நிற்காது, ரோட்டர் பட்டினி கிடக்கும். விமானத்துக்கு அதை எடுத்துவிட்டு, அதற்கென விற்கும் திட உலோக பிளக்கைப் போடுவதே நல்லது. ரோட்டர் அதிகம் சூடானால் ஆயில் சீலின் ரப்பர் வளையங்கள் இறுகி, எக்ஸாஸ்டில் நீலப்புகை வரும்.

இன்னொன்று: புரொப்பெல்லருக்கான கியர்பாக்ஸ் பிளைவீல் பக்கம் இருப்பதால் எஞ்சின் திரும்பி நிற்கிறது. விமானம் ஏறும்போது சம்ப்புக்கு அது கார் இறக்கத்தில் போவது போல. ஸ்டாண்டில் முன்னும் பின்னும் 20 டிகிரி சாய்த்து, பிக்அப் (பம்பு ஆயிலை உறிஞ்சும் முனை) ஆயிலுக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

எரியும் அறைக்குள் சிறிது ஆயில் விடும் மீட்டரிங் பம்பை எடுத்திருந்தால் எரிபொருள் லிட்டருக்கு 8 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க மறக்க வேண்டாம். ரோட்டரின் முனைகளிலுள்ள அபெக்ஸ் சீலுக்கு வேறு உயவு இல்லை.