பழப்பொடியில் இனிப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். வெளிநாட்டுப் பழங்களைக் காயவைத்து அரைத்த பொடிகளைச் சர்க்கரைக்குப் பதிலாகப் போடலாமா, கூடாதா? லூகுமா, மங்க் ஃப்ரூட், பெருக்கமரப் பழம் என்று ஆளுக்கொரு பெயர் எழுதியிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு முழுக்க இதுதான்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த என் தங்கை லூகுமா பொடி ஒரு பாக்கெட் கொடுத்துவிட்டு, "இனிமேல் சர்க்கரையே வேண்டாம் அக்கா, இதைப் போடு" என்றாள். டீயில் ஒரு ஸ்பூன் போட்டேன். பெரிதாக இனிக்கவும் இல்லை, கரையவும் இல்லை. அடியில் சேறு மாதிரி தங்கிவிட்டது. பொடி கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை. லூகுமா பொடி டீயில் அப்படித்தான் நடந்துகொள்ளும். சர்க்கரை தண்ணீரில் முழுதாகக் கரைகிற பொருள். லூகுமாவோ ஒரு முழுப் பழத்தின் சதையைக் காயவைத்து அரைத்த மாவு. அதில் சர்க்கரையும் உண்டு, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு. பின்னால் சொன்ன இரண்டும் கரையாமல் தண்ணீரை உறிஞ்சி ஊதி அடியில் உட்கார்ந்துவிடும்.

லூகுமா பெருவின் பழம். சிலி, எக்வடோர் மலைப்பள்ளத்தாக்குகளிலும் விளைகிறது, ஆனால் அதிகம் விளைவிப்பதும் அதிகம் சாப்பிடுவதும் பெருதான். பெருவின் வடக்குக் கடலோரத்தில் 1,200 ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த மோச்சே மக்கள் இந்தப் பழத்தின் உருவத்திலேயே மண்பாண்டம் செய்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பழைய உறவு பாருங்கள். சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்தது, காயில் அதே மாதிரி பிசுபிசுவென்று பால் வடியும். மரத்திலிருந்து விழுந்த பழத்தைக்கூட உடனே சாப்பிட முடியாது, வைக்கோலில் சில நாள் வைத்துப் பழுக்கவிட வேண்டும். பழுத்ததை அறுத்தால் உள்ளே வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு மாதிரி இருக்கும், நிறமும் அதுதான், உதிர்கிற பதமும் அதுதான். சாறு சொட்டாது. பெருக்காரர்கள் இதில் இரண்டு வகை பிரிக்கிறார்கள். பட்டு லூகுமா என்று அவர்கள் சொல்கிற மெத்தென்ற பழம் அப்படியே சாப்பிட, கட்டை லூகுமா என்கிற இறுகிய பழம் மாவுக்கு. அந்த நாட்டில் லூகுமா ஐஸ்கிரீமுக்கு இருக்கிற மவுசு தனி. கவனியுங்கள், அந்த ஐஸ்கிரீமில் சர்க்கரையும் போடுகிறார்கள். லூகுமா அங்கே மணத்துக்கும் நிறத்துக்கும் கெட்டியான பதத்துக்கும்தான் போகிறது.

ஆகவே டீயை விட்டுவிடுங்கள். ஒரு ஸ்பூன் பொடியில் இரண்டு ஸ்பூன் குளிர்ந்த பாலை விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, அதற்கப்புறம் மீதிப் பாலைச் சேர்த்து அடித்துப் பாருங்கள். சூடான பாலில் நேரே கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து, உள்ளே உலர்ந்த மாவோடு சின்னச் சின்ன உருண்டைகளாகிவிடும். தயிர், ஓட்ஸ் கஞ்சி, மசித்த வாழைப்பழம் இதிலெல்லாம் நன்றாகச் சேரும். வாழைப்பழத்தோடு சேர்த்தால் சர்க்கரை தேவையே படாது, இனிப்பை அந்தப் பழமே கொடுத்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். பாக்கெட்டில் "இயற்கை இனிப்பு, ரத்தச் சர்க்கரையை ஏற்றாது" என்று போட்டிருப்பதால் லூகுமா பொடியைக் காலையும் இரவும் பாலில் இரண்டு பெரிய ஸ்பூன் போட்டுக் குடிக்கிறார். சொன்னால் "பழம்தானே, பழம் என்ன செய்யும்" என்கிறார். நான் பயப்படுவது சரியா?

பதில்: சரிதான். அப்பாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, 100 கிராம் லூகுமா பொடியில் மாவுச்சத்து, சர்க்கரை, நார்ச்சத்து மூன்றும் சேர்ந்து 80 கிராமுக்கு மேல். கலோரி சுமார் 330, வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 390. வித்தியாசம் அவ்வளவுதான். பெரிய ஸ்பூன் ஒன்றுக்குச் சுமார் 10 கிராம் என்று வைத்தால், நீங்கள் ஒரு நாளைக்குப் போடும் நாலு ஸ்பூனில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாகச் சுமார் 30 கிராம் போகிறது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தப் பொடி சர்க்கரை அளவுக்கு இனிக்காது. அதே இனிப்பு நாக்குக்கு வேண்டும் என்று போகப் போக அளவைக் கூட்டினால், சர்க்கரையே போட்டிருந்தால் போயிருக்கக்கூடியதைவிட அதிக மாவுச்சத்து உள்ளே போய்விடும். ஏமாற்றம் அந்த இடத்தில்தான் நடக்கிறது, அதுவும் நல்ல எண்ணத்தோடு சாப்பிடுகிறவர்களுக்குத்தான் நடக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"ரத்தச் சர்க்கரையை ஏற்றாது" என்ற பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற ஒரு நொதியை லூகுமாச் சாரம் மட்டுப்படுத்துவதாக ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அது கண்ணாடிக் குழாயில் நடந்த சோதனை. குழாயில் நடப்பது வயிற்றில் அதே அளவில் நடக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

"பழம் என்ன செய்யும்" என்பதற்கும் பதில் இருக்கிறது. முழுப் பழத்தை மென்று தின்றால் அதன் சர்க்கரை செல்சுவர்களுக்குள் இருக்கிறது, கூடவே தண்ணீர் நிறைய இருக்கிறது, வயிறு சீக்கிரம் நிறையும், சர்க்கரை மெல்ல மெல்ல வெளியே வரும். காயவைத்தால் தண்ணீர் போய்விடுகிறது. மாவாக அரைத்தால் சுவர்களும் உடைந்துபோகின்றன. ஒரு பழத்தை மென்று தின்றாலே வயிறு நிறைகிறவர், அதே பழத்தின் பொடியை ஒரு டம்ளர் பாலில் கலந்து சுலபமாகக் குடித்துவிட முடியும்.

நிறுத்தச் சொல்லவில்லை. பிடித்திருந்தால் நாளுக்கு ஒரு சின்ன ஸ்பூன், அதையும் அன்றைய மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், பொடி போட்ட பால் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நாளும், போடாத பால் குடித்து ஒரு நாளும் பார்த்து இரண்டு எண்ணையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் முதலிலேயே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் பழத்தைக் காயவைக்கும்போது அதிலுள்ள பொட்டாசியமும் செறிந்துவிடுகிறது.

கேள்வி: சத்து இருக்கிறது என்பதாவது உண்மையா? பீட்டா கரோட்டின், நியாசின், இரும்பு என்று பெரிய பட்டியலே இருக்கிறதே.

பதில்: இருப்பது உண்மை. ஆனால் பட்டியல் 100 கிராமுக்குப் போட்டிருக்கும், நீங்கள் போடுவது 5 கிராம். ஒவ்வொரு எண்ணையும் இருபதால் வகுத்துவிட்டுப் படியுங்கள். வெள்ளைச் சர்க்கரையில் சத்து என்று எதுவுமே கிடையாது, அதோடு ஒப்பிட்டால் எந்தப் பழப்பொடியும் மேல்தான், அதில் சந்தேகமில்லை. பீட்டா கரோட்டினுக்காகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும், பால், தயிர், பாதாம், முந்திரி எதுவானாலும் சரி. வைட்டமின் சி-யைச் சூட்டில் உலர்த்திய பொடிகளில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: மங்க் ஃப்ரூட் சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பு, கலோரியே இல்லை என்கிறார்கள். பழத்துக்கு எப்படிக் கலோரி இல்லாமல் போகும்?

பதில்: நல்ல கேள்வி. பழத்துக்குக் கலோரி உண்டு, சாரத்துக்குத்தான் இல்லை.

சீனாவில் லுவோ ஹான் குவோ என்று சொல்வார்கள். பூசணி, பாகற்காய்க் குடும்பத்துக் கொடி, குவாங்ஷி பகுதியில் குய்லின் பக்கம் விளைகிறது. பூக்களைக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டியிருக்கிறது. காய்ந்த பழத்தைக் கையில் எடுத்தால் வெறும் ஓடு மாதிரி கனமே தெரியாது. இருமலுக்கும் தொண்டைக்கும் அதை உடைத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிப்பது அங்கே பழைய வழக்கம். இனிப்பைத் தருவது மோக்ரோசைடு என்ற பொருள். அதில் முக்கியமான வகை காய்ந்த பழத்தில் நூற்றுக்குச் சுமார் ஒரு பங்குதான் இருக்கும். பழத்தின் சொந்தச் சர்க்கரையை நீக்கிவிட்டு மோக்ரோசைடை மட்டும் செறிவாக்கினால் அந்த 200 மடங்கு பொடி கிடைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லேயே அந்தச் சாரத்துக்கு ஆட்சேபம் சொல்லாமல் விட்டுவிட்டது.

கடையில் கிடைக்கிற டப்பாவில் பெரும்பாலும் அந்தச் சாரம் துளியூண்டுதான் இருக்கும். 200 மடங்கு இனிப்பை ஸ்பூனால் அளக்க முடியாதே, அதனால் எரித்ரிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பூட்டியைக் கலந்து அளவைப் பெருக்குகிறார்கள். ஒரு சிட்டிகை நாக்கில் போட்டதும் ஜில்லென்று இருந்தால் அது எரித்ரிட்டால். அதிகம் போனால் சிலருக்கு வயிறு உப்பும், பேதியும் ஆகும். ரத்தச் சர்க்கரையை அது ஏற்றாது என்பதால் முந்தின கேள்வியில் வந்த அப்பா மாதிரியானவர்களுக்கு லூகுமாவைவிட இது பொருத்தம். ஆனால் இதைச் சத்துக்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்ல முடியாது, சத்தையெல்லாம் வடிகட்டிவிட்ட பிறகு மிஞ்சுவதுதான் இந்தச் சாரம்.

கேள்வி: பெருக்கமரப் பழப்பொடி வாங்கினேன். புளிக்கிறது! ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, அது புளிப்புப் பழம்தான். ஆப்பிரிக்காவின் பெருக்கமரத்தில் காய் ஓட்டுக்குள்ளேயே மரத்திலேயே உலர்ந்துவிடுகிறது. உடைத்தால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி மாதிரி சதை, சலித்தால் பொடி. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் இதை உணவாக அனுமதித்தது. எடையில் கிட்டத்தட்டப் பாதி நார்ச்சத்து, வைட்டமின் சி-யும் உண்டு. சூடு காட்டாமல் தானாகக் காய்வதால் அது தங்குகிறது. சத்தை மட்டும் பார்த்தால் இன்று பேசுகிற பொடிகளில் எனக்கு இதுதான் முதலிடம். இனிப்பூட்டி என்று விற்றவர் பக்கம்தான் தப்பு. தயிரிலோ பழக்கூழிலோ கலந்து சாப்பிடுங்கள். நார்ச்சத்து அதிகம் என்பதால் அரை ஸ்பூனில் ஆரம்பியுங்கள், தண்ணீரும் நன்றாகக் குடியுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் அதே அளவு லூகுமா போட்டு கேக் செய்தேன். செங்கல் மாதிரி வந்தது.

பதில்: நானும் ஒரு தடவை இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன், கத்தியை வைத்தால் வெட்டுப்படாமல் துண்டு துண்டாக உடைந்தது. கேக்கில் சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர வேறு வேலைகளும் இருக்கின்றன. வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கும், ஈரத்தைக் காக்கும், மேல்பக்கம் சிவக்கவைக்கும். லூகுமா இதற்கு நேர் எதிராக மாவு மாதிரி ஈரத்தைக் குடிக்கும். எனக்குச் சரியாக வந்த கணக்கு இது: சர்க்கரையில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, அப்படிக் குறைத்ததில் பாதியளவுக்கு லூகுமா போட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் பால் கூட்டிக்கொள்வது. கலவையைப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள், கெட்டியானால் இன்னும் கொஞ்சம் பால் விடுங்கள். இதில் வருகிற வாசனைக்காகவே இந்தப் பொடியை வாங்கலாம், சர்க்கரையைப் பொன்னிறமாகக் காய்ச்சினால் வருமே, அதில் கொஞ்சம் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சேர்ந்த மாதிரி.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குக் கஞ்சியில் இனிப்புக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த வயதில் கஞ்சிக்கு இனிப்பே தேவையில்லை, இனிப்பில்லாத கஞ்சி நமக்குத்தான் சப்பென்று இருக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்தை மசித்துக் கொடுங்கள். மங்க் ஃப்ரூட் மாதிரிச் சாரங்கள் கூடவே கூடாது. இரண்டு வயதுக்குள் எந்த மாற்று இனிப்பூட்டியும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி சொல்கிறது.

கேள்வி: ஒரே பழத்தின் பொடி, ஒன்று அடர்மஞ்சளாகவும் இன்னொன்று வெளிறியும் இருக்கிறது. எதை வாங்குவது? வாங்கியது கட்டியாகிவிட்டால் தூக்கிப்போட வேண்டுமா?

பதில்: நிறத்துக்கு முன்னால் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் பழத்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்கிற ஒரு வெள்ளை மாவு) என்று இருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். பழச்சாற்றைச் சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்கும்போது அதிலுள்ள சர்க்கரை இயந்திரத்தின் சுவரில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், அது ஒட்டாமலிருக்கத்தான் இந்த மாவைச் சேர்க்கிறார்கள். நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது, ஆனால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். சர்க்கரையைத் தவிர்க்க வாங்குகிற பாக்கெட்டிலேயே அது இருந்தால் வாங்கி என்ன பயன்? ஆஸ்துமா உள்ளவர்கள் சல்பர் டை ஆக்சைடு, சல்பைட்டு என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், நிறம் மங்காமலிருக்கச் சில உலர்பழங்களில் சேர்ப்பார்கள்.

பொருள் ஒன்றுதான் என்று தெரிந்தால் அடர்மஞ்சளை எடுங்கள். அந்த மஞ்சள்தான் கரோட்டின், வெளிச்சமும் காற்றும் பட்டால் முதலில் அதுதான் வெளிறும். கட்டியானது ஈரம் பட்டதால். காய்ந்த ஸ்பூனால் தட்டி உடைத்து முகர்ந்து பாருங்கள், பழ வாசனை மட்டும் இருந்தால் சலித்துச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். பூஞ்சை வாடையோ சாம்பல் புள்ளியோ தெரிந்தால் ஒரு ஸ்பூன்கூட மிச்சம் வைக்காமல் கொட்டிவிடுங்கள். அடுத்த பாக்கெட்டைச் சின்னதாக வாங்கி, இறுக மூடுகிற டப்பாவில் போட்டு, அடுப்புப் பக்கம் வைக்காமல் அலமாரிக்குள் வையுங்கள். கொதிக்கிற பாலுக்கு மேலே பாக்கெட்டைச் சாய்த்துக் கொட்டுகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஆவி உள்ளே ஏறித்தான் பொடி கட்டியாகிறது.