கிரைண்டரும் மெக்கானிக்கும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வீட்டுப் பொருட்கள் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையில், 19 ஆண்டுகளாக உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கோவை கிரைண்டரைப் பாராட்டியிருந்தீர்கள். அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் என் அப்பா 22 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்தார். கடந்த தை மாதம், “வயதாகிவிட்டது, இனி வர வேண்டாம்” என்று முதலாளியின் மகன் சொல்லிவிட்டார். அந்த மாதச் சம்பளத்தோடு ஒரு வேட்டி சட்டை கொடுத்தார்கள்; வேறு எதுவும் இல்லை. இத்தனை ஆண்டு வேலை பார்த்ததற்குச் சேர வேண்டிய பணிக்கொடையை (கிராஜுவிட்டியை) கேளுங்கள் என்று நான் சொன்னதற்கு, “குடும்பத்தில் ஒருவனாக வைத்திருந்தார்கள், அவர்களிடம் போய்க் கணக்குக் கேட்பதா” என்று அப்பா மறுத்துவிட்டார். அந்த நிறுவனத்தின் பொருளை இனி யாரும் வாங்க வேண்டாம் என்று நீங்கள் எழுத வேண்டும். எழுதுவீர்களா?

சி., ஈரோடு

அன்புள்ள சி. அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தக் கட்டுரையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். மிக்சியில் சூடேறிவிடும் உளுந்து, கல்லில் சூடேறாமல் பொங்கி வருவதைப் பற்றி எழுதியிருக்கிறேன். 1955இல் பி. சபாபதி கோவையில் முதல் கிரைண்டரை உருவாக்கியதில் தொடங்கி, அந்த ஊர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது வரை எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த 19 ஆண்டுகளில் மூன்று முறை பெல்ட் மாற்றியதையும், ஒரு முறை மோட்டாருக்குக் காயில் கட்டியதையும், பொங்கலுக்கு முந்தைய மாலை கண்டென்சர் போனபோது ஒருவர் சைக்கிளில் வந்து ஊறிய உளுந்து வீணாகாமல் காப்பாற்றிக் கொடுத்ததையும் ஒரு வரிகூட எழுதவில்லை. கிரைண்டர் நன்றாக உழைக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி, அதைப் பழுது பார்த்தவரின் உழைப்பு. அந்தப் பாதியை விட்டுவிட்டு எழுதியதற்காக உங்கள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வாங்காதீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. விற்பனை குறைந்தால் அந்த நிறுவனத்தில் முதலில் வேலையிழப்பவர்கள் உங்கள் அப்பாவைப் போன்ற இன்னும் சில மெக்கானிக்குகளாகத்தான் இருப்பார்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் அப்பாவுக்குச் சேர வேண்டியது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஊரைத் திரட்டித்தான் அதைப் பெற வேண்டும் என்ற நிலை இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அப்பாவின் அந்த ஒரு வாக்கியம். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருப்பார், ஆயுத பூசைக்கு எல்லோருக்கும் முன்பே வந்து மிஷின்களுக்குச் சந்தனம் வைத்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோதும் முகம் சுளிக்காமல் போயிருப்பார். அந்த உறவு அவர் மனதில் பொய்யல்ல என்பதால், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவரை வயதாகிவிட்டது என்பதற்காக யாரும் வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அனுப்பியவர்கள் அவரைத் தொழிலாளியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்னும்போது, தொழிலாளிக்குரிய கணக்கைத் தீர்த்து அனுப்பியிருக்க வேண்டும். வேலை வாங்கும்போது குடும்பம், கொடுக்க வேண்டிய இடத்தில் வெளியாள் என்பது அநியாயம்.

அப்பாவின் தயக்கத்துக்கு ‘பணிக்கொடை’ என்ற சொல்லுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கொடை என்றால் கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது, கேட்டு வாங்குவது கௌரவமில்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இனாம் அல்ல, ஊழியர் நெடுங்காலம் உழைத்துச் சம்பாதித்தவை என்று உச்ச நீதிமன்றமே 2013இல் ஜார்க்கண்ட் அரசு தொடர்பான வழக்கில் சொல்லியிருக்கிறது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு இது உரிமை. அந்தச் சட்டத்தை உள்ளடக்கி, அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த உரிமையை அப்படியே வைத்திருக்கிறது. இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள்: தொழிலாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும், தொகையைக் கணக்கிட்டுத் தெரிவித்து, முப்பது நாட்களுக்குள் கொடுப்பது முதலாளியின் கடமை. தவறினால் வட்டியும் சேரும்.

கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து கடைசியாக மாதம் 13,000 ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொண்டால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கும்போது 7,500 வரும். அதுதான் ஓர் ஆண்டுப் பணிக்கு உரியது. 22 ஆண்டுகளுக்கு 1,65,000 ரூபாய். வேட்டி சட்டை இந்தக் கணக்கில் எங்கும் வராது.

இடையில் விட்டுவிட்டுத்தான் வேலை பார்த்தார் என்று அவர்கள் சொல்லக்கூடும். அவரைப் போன்றவருக்கு ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது தொடர்ச்சியான ஓராண்டாகக் கணக்கிடப்படும். ஆகவே பி.எஃப். பாஸ்புத்தகம், ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, அவர் கையெழுத்துள்ள சர்வீஸ் ரசீதுகள், கடையில் எடுத்த ஆயுத பூசைப் படங்கள் என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கென உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

மனுவை எடுத்தவுடன் அப்பாவிடம் நீட்ட வேண்டாம். மேலே உள்ள கணக்கை மட்டும், அவர் உண்மையில் வாங்கிய சம்பளத்தை வைத்து, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பெல்ட்டுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று 22 ஆண்டுகள் அந்த நிறுவனத்துக்காக எங்கள் வீடுகளில் பில் எழுதிக் கொடுத்தவர் அவர். அதை நாங்கள் யாரும் நன்றிகெட்டத்தனமாக எடுத்துக்கொண்டதில்லை. வேலை முடிந்தது, பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.