மறு: நிருபர் போன் பண்ணினால் என்ன சொல்வது?

வணக்கம். மகனோடு நீங்களும் அமெரிக்க விமானப்படையின் தன்னார்வத் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலில் சேர்ந்து, ஸ்குவாட்ரனின் (உள்ளூர்ப் பிரிவின்) மக்கள் தொடர்பு அலுவலர் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. காணாமல்போன விமானத்தைத் தேடும் நேரத்தில் நிருபர் ஒருவர் கூப்பிட்டு விமானியின் பெயரைக் கேட்டால் என்ன செய்வது என்கிறீர்கள்.

பெயர் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. தேடல் நடக்கும்போது எந்தத் தகவலும் அந்தப் பணிக்குப் பொறுப்பான கமாண்டரின் ஒப்புதலோடுதான் வெளியே போகும். குடும்பத்துக்குத் தெரியுமுன் டிவியில் ஓடினால் அதைவிடக் கொடுமை உண்டா? அதற்காக "ஒன்றும் சொல்ல முடியாது" என்று வெடுக்கென வைத்துவிடாதீர்கள். "தேடல் பற்றி ஒப்புதல் கிடைத்ததும் நானே அழைக்கிறேன்" என்று நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சொன்னபடி அழைக்கவும் வேண்டும். கையில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும்.

மற்ற நாள்களில்தான் வேலையே அதிகம். 1941இலிருந்து இருக்கும் அமைப்பு, பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது! ஒரு கேடட் (இளம் உறுப்பினர்) பயிற்சியில் ஒரு முக்கியக் கட்டத்தை முடித்து மிட்செல் விருது வாங்கினால் உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு நாலு வரியும் ஒரு படமும் அனுப்புங்கள். 12 வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெற்றோரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.