பை நிறைய வெற்றிப் புத்தகங்கள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை என் மேசைமேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன மஞ்சப்பையைப் பிரித்துப் பார்த்தேன். உங்கள் பையன் வாங்கிச் சேர்த்த பதினொரு புத்தகங்கள். எல்லாமே பணம், வெற்றி, மனசின் சக்தி. "இதையெல்லாம் பழைய பேப்பர் கடையில போட்டுடட்டுமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டீர்கள். பண்ருட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து புரட்டிவிட்டு இப்போது எழுதுகிறேன். போடாதீர்கள். தம்பி நேரில் வந்து உட்கார்ந்திருந்தால்கூட அவனைப் பற்றி இவ்வளவு எனக்குத் தெரிந்திருக்காது.

பெரும்பாலான புத்தகங்களில் ஒரே கதைதான். முதல் நாற்பது, ஐம்பது பக்கம் வரை மஞ்சள் ஹைலைட்டர் பாய்ந்து கிடக்கிறது. நீ நினைத்தால் முடியும் என்கிற மாதிரி வரி எது வந்தாலும் கோடு. அதற்கப்புறம் பக்கங்கள் முனைகூட மடங்காமல் புதுசாக இருக்கின்றன. மனசு சூடாகிற வரைக்கும் படித்திருக்கிறான், சூடு ஆறியதும் அடுத்த புத்தகம் வாங்கியிருக்கிறான். ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. வரவு செலவு எழுதுவதைப் பற்றிய ஒரு அத்தியாயம். அங்கே ஹைலைட்டர் இல்லை, பென்சில். ஓரத்தில் பொடி எழுத்தில், "கடை ஒரு நாள் 4,000? லாபம் 400?" என்று எழுதியிருக்கிறான். இரண்டு கேள்விக்குறிகளையும் அழுத்தித் திருப்பி எழுதியதில் தாள் பள்ளமாகிவிட்டது.

அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் மூடாமலே வைத்திருந்தேன் ஐயா. பத்தொன்பது வயசு, பி.காம் இரண்டாம் ஆண்டு, சொந்த மளிகைக் கடையில் ஒரு நாளைக்கு என்ன நிற்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கவும் தயக்கம். அதனால்தான் புத்தகம் எழுதிய யாரோ ஒரு அமெரிக்கரிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்கிற இந்த வேலை பார்க்கிறேன். நம் வீடுகளில் மார்க்கைப் பற்றி ஊருக்கே கேட்கப் பேசுவோம், பணத்தைப் பற்றிப் பிள்ளை தூங்கின பிறகுதான் பேசுவோம். நகை அடகுக்குப் போவதும் மீண்டு வருவதும் அவர்களுக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். ஏதாவது கேட்டால், "நீ படிக்கிற வேலையப் பாரு". பள்ளிக்கூடத்திலும் யாரும் சொல்லித் தருவதில்லை. வீட்டில் பேசாமல் விட்ட அந்த இடத்தில்தான் இந்தப் புத்தகங்கள் வந்து உட்காருகின்றன. அவன் தேடியதில் தப்பே இல்லை. தேடிய இடத்தைத்தான் கொஞ்சம் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

"நீங்க அந்தப் புத்தகத்துல வர்ற ஏழை அப்பா மாதிரி. ஏழ்மை உங்க மனசுலதான் இருக்கு" என்று தம்பி சொன்னதைச் சொல்லும்போது உங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் புத்தகமும் பையில் இருக்கிறது. 'ரிச் டாட் புவர் டாட்' (பணக்கார அப்பா, ஏழை அப்பா), ராபர்ட் கியோசாகி என்ற அமெரிக்கர் எழுதி 1997-ல் வந்தது. அதில் வரும் ஏழை அப்பா நிறையப் படித்தவர், ஹவாயில் அரசாங்கக் கல்வித் துறையில் இருந்தவர், மாதச் சம்பளக்காரர். ஒரே ராத்திரியில் தோப்பைப் பறிகொடுத்த விவசாயி அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது தம்பிக்கு ஐந்து வயசு. விடிந்து போய்ப் பார்த்தால் இரண்டரை ஏக்கர் முந்திரியும் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தது என்றீர்கள். உங்கள் தாத்தா வைத்த பலா மரங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஒட்டுக்கன்று வைத்தாலும் முந்திரி நல்ல காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், பலாவுக்கு இன்னும் தாமதம். அதுவரை வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்றுதான் கடன் வாங்கி மளிகைக் கடை போட்டீர்கள். இதைத் தம்பியிடம் முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்குங்க" என்றீர்கள். சொல்லுங்கள் ஐயா. எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி, எந்த வருஷம் அடைத்தீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் அந்த ராத்திரி பெரிதாகக் கனவு கண்டவர் மரமும் பயந்து பயந்து வாழ்ந்தவர் மரமும் ஒன்றாகத்தான் சாய்ந்தன. மனசு சரியாக இருந்தால் பணம் வந்துவிடும் என்று எழுதுகிற எந்தப் புத்தகத்தையும் இந்த ஒரு விஷயத்தின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இந்த வகைப் புத்தகங்களில் நான் பார்க்கிற பெரிய குறை அதுதான். ஜெயித்தவர்களை மட்டுமே கூப்பிட்டுக் கேட்கின்றன. முதுநகர் துறைமுகத்தில் மீனோடு திரும்பிய படகிடம் மட்டும் எந்தப் பக்கம் போனீர்கள் என்று விசாரித்தால், அதே பக்கம் போய் டீசல் காசுகூடத் தேறாமல் வந்த படகுகள் கணக்கிலேயே வராது. அவர் படிப்பை விட்டார், கடன் வாங்கித் துணிந்து இறங்கினார், அதனால் கோடீஸ்வரர் ஆனார் என்று எழுதுகிறார்கள். அதையே செய்து வீட்டை விற்றவர்களைப் பேட்டி எடுக்க யாரும் போவதில்லை.

அதற்காகப் பதினொன்றையும் குப்பை என்று சொல்லமாட்டேன். கியோசாகி புத்தகத்திலேயே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: நீ வைத்திருக்கும் பொருள் உன் பைக்குள் பணம் போடுகிறதா, பையிலிருந்து பணம் எடுக்கிறதா? போட்டால் அது சொத்து, எடுத்தால் சுமை என்கிறார். பத்தொன்பது வயசில் இதைக் கேட்கத் தெரிந்துகொள்வது லாபம்தான். தம்பியின் பி.காம் பாடத்தில் சொத்து என்பதற்கு வேறு விளக்கம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முட்டுகிறது என்று பார்த்தால் அவனுக்குப் பாடமும் விளங்கும், புத்தகமும் விளங்கும்.

ஆனால் கேள்விக்கு அந்தப் புத்தகங்கள் தருகிற பதில் அவர்கள் ஊர்ப் பதில். வீட்டைக் கடனில் வாங்கு, வாடகை கடனைக் கட்டிவிடும் என்று எழுதியிருப்பதைத் தம்பி மஞ்சள் பூசி வைத்திருக்கிறான். அமெரிக்காவில் 30 வருஷத்துக்கு மாறாத வட்டியில் வீட்டுக்கடன் கிடைப்பது சாதாரண விஷயம். நம் வங்கிகளின் வீட்டுக்கடனில் பெரும்பாலும் ரிசர்வ் வங்கி வைக்கிற ரெப்போ வட்டியோடு சேர்ந்து நம் வட்டியும் ஏறி இறங்கும். 40 லட்சம் கடன், 8.5 சதவீதம் வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். அந்த விலைக்கு வாங்கிய வீட்டை மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு விட்டால் அதில் பாதி வருவதே பாடு. மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அந்தப் பக்கத்தைப் படிப்பது ஆபத்து.

எழுதியவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் சொன்ன தொழிலிலிருந்தா, புத்தகத்தையும் பயிற்சி வகுப்பையும் விற்றதிலிருந்தா? கியோசாகியின் நிறுவனங்களில் ஒன்று 2012-ல் திவால் மனு போட்டது. கருத்தரங்குகள் நடத்திக் கொடுத்த ஒரு நிறுவனத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் தரவேண்டும் என்று நீதிமன்றத்தில் தீர்ப்பாகியிருந்தது. அவர் சொந்தமாகத் திவாலாகிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கருத்தரங்கு எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு, வேலை கிடைத்துவிட்டதாக, கார் வாங்கிவிட்டதாகத் தினமும் கற்பனை செய் என்கிற வகை. பையில் மூன்று புத்தகம் அப்படி. இதில் என் மனசு கொஞ்சமும் இளகவில்லை. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியல் அறிஞர் ஜெர்மனியில் பட்டப்படிப்பு முடித்த மாணவர்களை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார். ஆய்வு 2002-ல் வெளிவந்தது. நல்ல வேலையில் இருப்பதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்கள் குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தார்கள், வந்த வேலைகளும் குறைவு, சம்பளமும் குறைவு. நமக்கு வேலை கிடைக்கும் என்று நம்பிக்கையோடு இருந்தவர்கள் நிலைமை நன்றாக இருந்தது. நம்பிக்கை வேறு, பகல்கனவு வேறு என்று இங்கே வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். அமெரிக்க மாணவர்களிடம் நடந்து 1999-ல் வந்த இன்னொரு ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது. பரீட்சையில் நல்ல மார்க் வந்துவிட்டதாகக் கற்பனை செய்தவர்களைவிட, எங்கே உட்கார்ந்து எத்தனை மணிக்கு எந்தப் பாடம் படிக்கப்போகிறோம் என்று மனசில் ஓட்டிப் பார்த்தவர்கள் அதிக நேரம் படித்தார்கள், மார்க்கும் கூடுதலாக வாங்கினார்கள். தம்பிக்கு இரண்டு அரியர் இருக்கிறது என்றீர்களே, இந்தப் பத்தியை அவனிடம் படித்துக் காட்டுங்கள்.

காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறான், போனைத் தள்ளி வைக்கிறான், ஓட்டம் போகிறான் என்று சொன்னீர்கள். அது நல்லது, அதில் கை வைக்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது வேறு ஒன்றில். ஒரு புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக ஒரு சிவப்புச் சீட்டு இருந்தது. புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவச அறிமுகக் கூட்டம், நுழைவு அனுமதி. என்ன தொழில் என்று எங்கேயும் போடவில்லை, "வாழ்க்கையை மாற்றும் மூன்று மணி நேரம்" என்று மட்டும் இருக்கிறது. 300 ரூபாய்ப் புத்தகம் யார் குடியையும் கெடுக்காது. அதற்குப் பின்னால் வருகிற 25,000 ரூபாய்ப் பயிற்சி, அதற்குப் பின்னால் வருகிற டிரேடிங் கணக்கு, ஆள் சேர்க்கிற வேலை, இவைதான் கெடுக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், எஃப் அண்ட் ஓ என்கிற, பங்குகளின் வருங்கால விலையை வைத்து நடக்கும் வர்த்தகத்தில் இறங்கிய 1 கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். ஆள் சேர்ப்புக்கு வந்தால், 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி சேருவதற்கென்று கட்டணம் வாங்கக் கூடாது, ஆள் பிடித்தால் பணம் என்கிற பிரமிட் திட்டத்துக்கும் தடை இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போனானா, பணம் ஏதாவது கட்டினானா என்று கோபப்படாமல் கேளுங்கள். கட்டியிருந்தால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள், உடனே எனக்குச் சொல்லுங்கள். பயத்தில் மறைத்துக் கடன் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முதலில் போன பணத்தைவிட மறைத்ததால் போன பணம்தான் எப்போதும் அதிகம்.

படிப்பை விட்டுவிட்டுத் தொழில் என்கிறானே, அதற்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். தொழில் ஆசையை மட்டம் தட்டாதீர்கள். கடலூர் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நாள் அவனை அழைத்துக்கொண்டு போங்கள். மானியத்தோடு கடன் தருகிற திட்டங்கள் அங்கே இருக்கின்றன. அங்கே கனவைக் கேட்கமாட்டார்கள், திட்ட அறிக்கை கேட்பார்கள்: என்ன இயந்திரம், என்ன விலை, மாதம் எவ்வளவு விற்கும், தவணை எப்படிக் கட்டுவாய்? அந்தத் தாளை நிரப்பப் போதுமான அறிவு இந்தப் பதினொரு புத்தகங்களில் கிடைத்ததா என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும். டிகிரியை முடிக்கட்டும், அரியரை எழுதட்டும். கடையில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவன் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தே நடக்கும். இனிமேல் புத்தகம் வேண்டுமென்றால் மாவட்ட மைய நூலகத்தில் எடுக்கட்டும். முழுசாகப் படித்து, ஒன்றையாவது செய்து பார்த்த பிறகு அடுத்தது.

என்ன செய்து பார்ப்பது? உங்கள் கடை வாசலில் ஒரு பழைய ஐஸ்கிரீம் ஃப்ரீசர் நிற்கிறது, கரண்ட் பில் எகிறுகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். அது சொத்தா, சுமையா என்று தம்பி கண்டுபிடிக்கட்டும். ஒரு மாதம் ஐஸ்கிரீம், கூல்டிரிங்க்ஸ் விற்பனையைத் தனியாக எழுதட்டும். வாங்கிய விலையைக் கழிக்கட்டும், கெட்டுப்போனதைக் கழிக்கட்டும், கரண்டில் அதன் பங்கைக் கணக்குப் போட்டுக் கழிக்கட்டும். ஐஸ்கிரீம் வாங்க வந்த பிள்ளையின் அம்மா கூடவே அரிசியும் வாங்கினால் அந்த லாபத்தை எதில் சேர்ப்பது? அந்த இடத்தில் அவன் திணறுவான். திணறட்டும், நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். ஃப்ரீசர் கணக்கை அவனே எனக்குச் சொல்லட்டும். அதுவரை பை என்னிடம் இருக்கட்டும். பென்சில் கணக்குப் போட்ட அந்த ஒரு புத்தகத்தை மட்டும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அவனிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவன் போட்ட இரண்டு கேள்விக்குறிக்கும் பக்கத்தில் நேற்றைய வியாபாரத்தையும் அதில் நின்ற லாபத்தையும் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள்.